அடுத்தவர் நிலத்தில் வேட்டையும் தூண்டிலும்: வாசல் வாடகை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், லிங்கன் நகரில் குடியிருக்கிறேன். கோடையில் தூண்டில். குளிர் தொடங்கியதும், கூட வேலை பார்க்கும் ஒருவரோடு ஃபெசன்ட் (காட்டுக்கோழி போன்ற ஒரு பறவை) வேட்டைக்கு நடை. துப்பாக்கி அவருடையது, கால்வலி என்னுடையது. படங்களைக் குடும்பக் குழுவில் போட்ட நாளிலிருந்து கேள்விகள் ஓய்ந்தபாடில்லை. “அது யார் குளம்? விரட்ட மாட்டாங்களா? காசு கட்டினியா?” என்று ஊரிலிருந்து சித்தப்பா கேட்கிறார். இங்கேயே இருக்கும் நண்பர்களுக்கு வேறு மாதிரிச் சந்தேகங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

அது யார் குளம்? காசு கட்டினியா?

குளம் ஒரு விவசாயியுடையது. நான் காசு கட்டவில்லை. எனக்காக மாநில அரசு கட்டியிருக்கிறது.

நெப்ராஸ்காவில் சுமார் 97 சதவீத நிலம் தனியார் கையில். தெற்கே கன்சாஸில் 98. காடு, மலை என்று பொதுநிலம் இங்கே மிகக் குறைவு. கண்ணுக்கு எட்டிய மட்டும் மக்காச்சோளம், சோயா, மேய்ச்சல் நிலம், கம்பிவேலி. மீன்பிடி உரிமமும் வேட்டை உரிமமும் வாங்கிவிட்டால் மட்டும் போதுமா, போய் நிற்க ஓர் இடம் வேண்டாமா? ஆகவே மாநில வனவிலங்குத் துறை விவசாயியிடம் போகிறது. “உங்கள் நிலத்தில் மக்கள் நடந்து வந்து வேட்டையாட, பொறி வைக்க, மீன்பிடிக்க விடுங்கள், வருடத்துக்கு இவ்வளவு தருகிறோம்” என்று ஒப்பந்தம் போடுகிறது. எல்லையில் பலகை நடுகிறது, வரைபடத்தில் ஏற்றுகிறது. அதன்பின் உரிமம் உள்ள எவரும், யாரையும் கேட்காமல், வேலியைத் தாண்டி உள்ளே போகலாம்.

நெப்ராஸ்காவில் இதற்கு ‘ஓப்பன் ஃபீல்ட்ஸ் அண்ட் வாட்டர்ஸ்’ என்று பெயர். கன்சாஸில் 1995இல் தொடங்கியது ‘வாக்-இன் ஹண்டிங் ஆக்சஸ்’. மான்டானாவின் ‘பிளாக் மேனேஜ்மென்ட்’ 1985ஆம் ஆண்டுக்காரன். மிச்சிகன் 1977லேயே ஆரம்பித்துவிட்டது. வடக்கு டகோட்டாவில் ‘ப்ளாட்ஸ்’ என்பார்கள். தலைகீழாக நிற்கும் மஞ்சள் முக்கோணப் பலகை, அரை மைல் தூரத்திலிருந்தே தெரியும்.

மான் அவர் வயலில் மேய்ந்து கொழுக்கிறது. அப்படியென்றால் மான் அவருடையதுதானே?

இல்லை. இந்த இடம் பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

இங்கிலாந்தில் வேட்டை உரிமை நிலத்தோடு சேர்ந்து வருவது. நிலக்காரர் அதைத் தானே வைத்துக்கொள்வார், அல்லது தனியாகக் குத்தகைக்கு விடுவார். அட்லாண்டிக்கைத் தாண்டி வந்தவர்கள் அந்தச் சட்டத்தை அப்படியே இறக்கவில்லை. நியூ ஜெர்சியில் சிப்பி எடுப்பது பற்றிய ஒரு வழக்கில், மார்ட்டின் எதிர் வாடெல், 1842இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அரசருக்குப் பொதுமக்கள் சார்பில் இருந்த பொறுப்பு மாநிலத்துக்கு வந்துவிட்டது, நீரடி நிலத்தையும் அதில் உள்ளதையும் தனியொருவர் சொந்தம் கொண்டாட முடியாது என்பது அதன் சாரம். அந்த வழியில் வளர்ந்த சட்டப்படி, காட்டுயிர் மக்களுக்குச் சொந்தம், மாநிலம் அதன் காவல்காரன். நிலம் மட்டும் நிலக்காரருடையது.

ஆக, இரண்டு பூட்டு. மானுக்கான சாவி அரசிடம், அதுதான் உரிமம். நிலத்துக்கான சாவி விவசாயியிடம். அவர் தன் வயலில் நிற்கும் மானை உங்களுக்கு விற்க முடியாது, ஏன், தானே சுடுவதற்கும் சட்டப்படி அனுமதிச்சீட்டு வேண்டும். ஆனால் உங்களை உள்ளே விடாமல் இருக்க அவருக்கு முழு உரிமை உண்டு. மாநிலம் கொடுக்கும் பணம் வாசலுக்கான வாடகை. மானுக்கோ மீனுக்கோ விலை இல்லை. ஒன்றுமே கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பினாலும் விவசாயிக்கு அதே தொகைதான். என் விஷயத்தில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

கதவைத் தட்டிக் கேட்டால் விட மாட்டார்களா? அந்தக் காலத்தில் அப்படித்தானே?

அப்படித்தான். இப்போதும் சிலர் விடுகிறார்கள். ஆகஸ்டில் போய் வேலி கட்ட ஒரு கை கொடுப்பது, கிறிஸ்துமஸுக்கு ஏதாவது கொண்டுபோய்க் கொடுப்பது, இப்படி ஓடிய உறவுகள். என் சக ஊழியரின் அப்பா ஒரே பண்ணையில் முப்பது வருஷம் வேட்டையாடினாராம், ஒரு பைசா கைமாறியதில்லை.

உடைந்தது எங்கே என்றால், தட்டுவதற்குக் கதவு இல்லாமல் போனதில். பண்ணைகள் பெரிதாகின, ஆட்கள் குறைந்தார்கள். நிலக்காரர் டென்வரிலோ ஃபீனிக்ஸிலோ இருக்கிறார், உழுபவர் குத்தகைக்காரர், வீடு பூட்டிக் கிடக்கிறது. யாரிடம் கேட்பது? இன்னொரு பக்கம், நகரத்திலிருந்து நான்கைந்து பேர் சேர்ந்து வந்து “இந்த 160 ஏக்கரை எங்களுக்கு மட்டும் கொடுங்கள்” என்று தனிக்குத்தகை பேசுகிறார்கள். அவர்கள் கொடுக்கும் தொகைக்கு முன்னால் கிறிஸ்துமஸ் பரிசு எடுபடுமா?

விவசாயி பக்கத்து அலுப்பும் உண்டு. பருவம் திறக்கும் வாரத்தில் விடிகாலையிலிருந்து தொலைபேசி அடிக்கும். நேற்று ஒருவனுக்குச் சரி என்று சொன்னது இன்று இன்னொருவனோடு மோதும். ஒப்பந்தம் போட்டுவிட்டால் பலகை பேசிக்கொள்ளும், ரோந்து வரும் அதிகாரி பார்த்துக்கொள்வார். பணத்தைவிட இந்த நிம்மதிக்காகச் சேர்ந்தவர்கள் உண்டு என்பது என் எண்ணம்.

பலகை இல்லாத நிலத்தில் நுழையலாமா?

மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கன்சாஸில் பலகை இல்லாவிட்டாலும் அனுமதி கட்டாயம். வேலிக்கம்பத்தில் ஊதாப் பெயின்ட் அடித்திருந்தால் எழுத்தில் அனுமதி வேண்டும் என்று அர்த்தம். வடக்கு டகோட்டாவில் நேரெதிர். ‘உள்ளே வராதே’ என்று அறிவிக்காத நிலத்தில் வேட்டைக்குப் போகலாம் என்பது அங்கே நீண்ட நாள் வழக்கம். சந்தேகமிருந்தால் நுழையாதீர்கள்.

எவ்வளவு கொடுக்கிறார்கள்?

பெரிய தொகை இல்லை. நிலத்தின் தரத்தைப் பொறுத்து ஏக்கருக்குச் சில டாலர்கள். புல்லும் புதரும் உள்ள நிலத்துக்குக் கூடுதல், அறுவடை முடிந்த வெற்று வயலுக்குக் குறைவு. மிச்சிகனில் உச்சம் ஏக்கருக்கு 25 டாலர். குளத்துக்கு நீர்ப்பரப்பை வைத்து, ஓடைக்கு மைல் கணக்கு.

இங்கே நிலம் சதுரம் சதுரமாக அளந்தது. ஒரு சதுர மைல் என்றால் 640 ஏக்கர், அதில் கால்வாசி 160. உதாரணத்துக்கு ஏக்கருக்கு 5 டாலர் என்று வையுங்கள். 160 ஏக்கருக்கு வருடம் 800 டாலர் வரும். அதே நிலம் பாசன மக்காச்சோள நிலமாக இருந்தால் விவசாயக் குத்தகை ஏக்கருக்கு 200 டாலரைத் தாண்டும். இந்தப் பணத்துக்காக யாரும் பயிரை நிறுத்தப் போவதில்லை. டிராக்டர் டயருக்கு ஆகும். சொத்துவரியில் ஒரு துண்டைக் கட்ட ஆகும். வாடகை வருமானம் போல இதற்கும் வருமான வரி உண்டு.

மேற்கு நெப்ராஸ்காவில் ஒரு நுட்பம். கோதுமையை அறுக்கும்போது தாளை முழங்கால் உயரத்துக்கு விட்டு அறுத்தால், அந்தத் தாளுக்குள் ஃபெசன்ட் ஒண்டும், பனியும் பிடித்து நிற்கும். அப்படி விட்ட வயலைத் துறை தேடிப் பிடித்துக் குத்தகைக்கு எடுக்கிறது. கதிரை மட்டும் உருவிக்கொள்ளும் அறுவடை இயந்திரம் வைத்திருப்பவருக்கு எப்படியும் தாள் நிற்கத்தான் போகிறது, அதற்கும் காசு.

மான்டானாவின் கணக்கு வேறு. அங்கே எத்தனை பேர், எத்தனை நாள் வந்தார்கள் என்பதை வைத்துப் பணம். பண்ணை வாசலில் கம்பத்தில் ஒரு பெட்டி. மூடியைத் தூக்கினால் அச்சடித்த சீட்டுக் கட்டு, நூலில் கட்டிய பென்சில் துண்டு. பெயர், உரிம எண், தேதி எழுதி ஒரு பாதியைப் பெட்டிக்குள் போட்டு, மறு பாதியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டியில் விழும் அந்தப் பாதிச் சீட்டுதான் பண்ணைக்காரரின் சம்பளக் கணக்கு. குளிரில் கையுறையைக் கழற்றச் சோம்பல்பட்டு எழுதாமல் உள்ளே போகிறவர், தெரிந்தோ தெரியாமலோ அவர் வயிற்றில் அடிக்கிறார். சில பண்ணைகளில் பெட்டி கிடையாது, முன்கூட்டியே பேசி நாள் வாங்க வேண்டும்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? வரிப்பணமா?

பெரும்பகுதி வேட்டைக்காரரும் தூண்டில்காரரும் கட்டிய பணம்தான், சுற்றிக்கொண்டு வருகிறது. உரிமக் கட்டணம் ஒன்று. 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் இன்னொன்று. நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம், கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம் என உற்பத்தியாளரிடம் வசூலித்து மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். 1950இல் டிங்கெல்-ஜான்சன் சட்டம் அதையே தூண்டில் சாமான்களுக்குச் செய்தது. நான் வாங்கிய தூண்டில் சுருளின் விலைக்குள் அது ஒளிந்திருக்கிறது. இந்த உதவி வேண்டும் என்றால் உரிமப் பணத்தை மாநிலம் வேறு செலவுக்குத் திருப்பக் கூடாது என்று ஒரு நிபந்தனை வைத்தார்கள் பாருங்கள், அதுதான் சாமர்த்தியம்.

மூன்றாவது, 2008 வேளாண் சட்டத்தில் பிறந்த ஒரு மானியத் திட்டம். தனியார் நிலத்தைப் பொதுமக்களுக்குத் திறக்கும் மாநிலங்களுக்கும் பழங்குடி அரசுகளுக்கும் மத்திய அரசு தரும் பணம். 2018 சட்டத்தில் 5 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அயோவா, இல்லினாய், மின்னசோட்டா போன்ற இடங்களில் இத்தகைய திட்டங்கள் கிளம்ப இது கை கொடுத்தது. ஆனால் சில வருடங்களுக்கு ஒருமுறை புதிதாகப் போடும் வேளாண் சட்டம் இழுபறியானால் இதுவும் இழுபறியாகும். மாநிலம் அடுத்த வருடம் இருக்குமா என்று தெரியாத பணத்தை நம்பி விவசாயியிடம் எப்படி வாக்குக் கொடுக்கும்?

யாராவது விழுந்து காலை உடைத்துக்கொண்டால்? விவசாயிமேல் வழக்குப் போட மாட்டார்களா?

விவசாயிகள் முதலில் கேட்பது தொகையை இல்லை, இதைத்தான். நியாயம்தானே. 800 டாலரை வாங்கிக்கொண்டு எட்டு லட்சத்துக்கு வழக்கைச் சந்திக்க யார் தயார்?

1965இல் மாநில அரசுகளின் கவுன்சில் ஒரு மாதிரிச் சட்டம் எழுதியது. நெப்ராஸ்கா உட்பட பல மாநிலங்கள் அதை ஒட்டிச் சட்டம் போட்டன. இன்று 50 மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. சாரம் இது: பொழுதுபோக்குக்காக இலவசமாக உள்ளே விட்டால், நிலத்தைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் கடமை நிலக்காரருக்கு இல்லை. எலிவளையில் கால் இடறி விழுந்தால் அது வந்தவர் பாடு.

‘இலவசமாக’ என்ற சொல்லில்தான் சிக்கல். வந்தவரிடம் பத்து டாலர் வாங்கினாலும் அந்தப் பாதுகாப்புக் கழன்றுவிடும். அப்படியென்றால் மாநிலத்திடம் பணம் வாங்குவது? மாதிரிச் சட்டத்தை எழுதியவர்கள் இதை அப்போதே யோசித்திருக்கிறார்கள். நிலத்தை மாநிலத்துக்குக் குத்தகைக்கு விட்டு வாங்கும் தொகை, நுழைவுக் கட்டணமாகக் கருதப்படாது என்று ஒரு வரி சேர்த்தார்கள். ஒரு வரிதான். ஆனால் இந்த வாசல் வாடகை முழுதும் அந்த வரியின் தலையில்தான் உட்கார்ந்திருக்கிறது. தனிக்குத்தகைக்கு விடுபவருக்குப் பல மாநிலங்களில் இந்த வசதி கிடையாது, அவர் காப்பீட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். கணக்குப் போடும்போது பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆபத்து இருப்பது தெரிந்தே, வேண்டுமென்று எச்சரிக்காமல் விட்டால் எந்தச் சட்டமும் காப்பாற்றாது. மூடாத பழைய கிணறு இருந்தால் சொல்லியாக வேண்டும். உங்கள் மாநிலத்துச் சொற்கள் மாறுபடலாம், கையெழுத்துக்கு முன் வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

நிலக்காரர் தன் நிலத்தைப் பயன்படுத்த முடியாதா?

உழவு, மேய்ச்சல், அறுவடை எல்லாம் வழக்கம்போல. கொடுப்பது நடந்து நுழையும் உரிமை மட்டும். ‘வாக்-இன்’ என்று பெயர் வைத்ததே அதனால்தான். வண்டி சாலையோரத்தோடு நிற்க வேண்டும். அறுக்காத பயிருக்குள் இறங்கக் கூடாது. கூடாரம், நெருப்பு கிடையாது. கதவு திறந்திருந்தால் திறந்தபடி விடு, மூடியிருந்தால் மூடு. ஒப்பந்தம் முறிவதற்குக் காரணம் கேட்டால், துப்பாக்கி பற்றிய புகாரைவிட, திறந்து போட்ட கதவும் ஈரமண்ணில் பதிந்த டயர்த் தடமும்தான் பேச்சில் வரும்.

ஆற்றுத் தண்ணீர் பொதுச்சொத்துத்தானே? மீன்பிடிக்க ஏன் அனுமதி?

இது பெரிய குழப்பம். ஊரிலிருந்து வருகிறவர்கள் முதலில் மாட்டிக்கொள்வதும் இங்கேதான்.

நெப்ராஸ்காவில் தண்ணீர் பொது, அடியிலுள்ள படுகை கரைக்காரருடையது. படகில் மிதந்து போகலாம். காலை ஊன்றி நின்று தூண்டில் போட்டால் அவர் மண்ணில் நிற்கிறீர்கள். குறுக்கே வேலி வந்தால் படகைத் தூக்கிச் சுற்றிக்கொண்டு போக மட்டும் சட்டம் இடம் தருகிறது. கன்சாஸில் பொதுமக்களுக்குத் திறந்த ஆறுகள் மூன்றே மூன்று: கன்சாஸ், ஆர்கன்சாஸ், மிசௌரி. மற்ற ஓடை எல்லாம் கரைக்காரரைக் கேட்க வேண்டும். மான்டானாவில் தலைகீழ். 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி, சாதாரண வெள்ளக்குறிக்குக் கீழே ஆற்றுக்குள் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். பாலத்தடியில் இறங்கி மைல் கணக்கில் போகலாம், கரை யாருடையதாக இருந்தாலும். ஒரே நாடு, ஒரே மீன், கால் வைக்கும் மண்ணுக்கு மட்டும் மூன்று சட்டம்.

ஆகவே பல மாநிலங்கள் கரையையே விலைக்கு வாங்குகின்றன. நியூயார்க் 1935இலிருந்து இதைச் செய்கிறது. டிரௌட் மீன் வாழும் ஓடைகளின் ஓரத்தில் பெரும்பாலும் 33 அடி அகலத்துக்கு ‘பொது மீன்பிடி உரிமை’ எழுதி வாங்கிக்கொள்கிறது. இது வருடக் குத்தகை இல்லை, பத்திரத்தில் ஏறும் நிரந்தர உரிமை. நிலம் கைமாறினாலும் உரிமை நிலத்தோடு போகும். இப்படிச் சேர்ந்த கரை இன்று 1,300 மைலை ஒட்டி இருக்கிறது. அந்தப் பட்டையில் மீன்பிடிக்கலாம், அவ்வளவே. குளிக்க, சமைக்க, நாயோடு உலாவ அனுமதி இல்லை. மின்னசோட்டாவும் தென்கிழக்கு ஓடைகளில் இதே வேலையைச் செய்கிறது.

எனக்குப் பிடித்தது நிரந்தர முறைதான். குத்தகையில் குளத்தைப் பழகி, எந்த மூலையில் கெளுத்தி கிடக்கும் என்று தெரிந்துகொள்ளும் நேரத்தில் ஒப்பந்தம் முடிந்துவிடும். போன வருடம் எனக்கு நடந்தது. பலகை இருந்த கம்பத்தில் வெறும் ஆணித் துளைகள்.

பொறி வைப்பது இன்னுமா நடக்கிறது?

நடக்கிறது, குறைந்துவிட்டது. ரக்கூன் என்ற சிறு விலங்கின் தோலுக்கு நல்ல விலை இருந்த காலம் போய்விட்டது, இப்போது பெட்ரோல் செலவுக்குக் கட்டாது என்கிறார்கள். ஆனால் விவசாயிக்கு மூன்று வகை விருந்தாளிகளில் உபயோகமானவர் பொறிக்காரர்தான். பீவர் (நீரில் வாழும் பெரிய கொறிவிலங்கு) அணை கட்டி மடையை அடைத்தால் வயல் முழுகும், ரக்கூன் இளங்கதிரைக் குதறும், மாடு கன்று ஈனும் நேரத்தில் கயோட்டி என்ற காட்டுநாய் வகை வட்டமிடும். இவற்றைப் பிடிப்பவரை அவரே கூப்பிட்டு வாசலைத் திறப்பார்.

உரசல் வேறு இடத்தில். அதே நிலத்தில் இன்னொருவர் நாயை விட்டு ஃபெசன்ட் கிளப்புகிறார். நாய்க்குப் பலகை படிக்கத் தெரியுமா? அதனால் பல மாநிலங்கள் பொதுமக்கள் நுழையும் நிலத்தில் பொறிக்குக் கூடுதல் கட்டுப்பாடு வைக்கின்றன, சிலவற்றில் பொறியே கூடாது. ஒப்பந்தத்தில் வேட்டை, பொறி, மீன் மூன்றும் தனித்தனியாக இருக்கும், எது திறந்திருக்கிறது என்பதை வரைபடத்தில் பார்த்துவிட்டுப் போங்கள்.

வாசலைத் திறந்துவிட்டால் போதுமா? உள்ளே பறவை வேண்டாமா?

வேண்டும். இந்தத் திட்டங்களின் உயிர்நாடி வேறொரு திட்டத்தில் இருக்கிறது: 1985 வேளாண் சட்டத்தில் வந்த நிலப் பாதுகாப்பு ஒதுக்கீடு, சுருக்கமாக சி.ஆர்.பி. மண் அரித்துப்போகும் வயலில் பயிரை நிறுத்தி, புல் விதைத்து, 10 முதல் 15 வருடம் அப்படியே விட்டால் மத்திய அரசு வாடகை தரும். மண்ணுக்காகத்தான் போட்டது. பலன் ஃபெசன்டுக்கும் போனது. புல்லில் முட்டையிட்டு, புல்லில் குஞ்சு வளர்த்துப் பெருகியது. அந்தப் புல் நிலத்தையே மாநிலம் வேட்டைக்கும் வாடகைக்கு எடுத்தது. விவசாயிக்கு ஒரே நிலத்தில் இரண்டு காசோலை.

2007இல் சி.ஆர்.பி. நிலம் 3.68 கோடி ஏக்கர். அதன்பின் மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் எத்தனால் எரிபொருளின் தேவையும் மக்காச்சோள விலையும் ஏறின. 2012 வறட்சியில் ஒரு புஷல் (சுமார் 25 கிலோ) 8 டாலரைத் தாண்டியது. ஒப்பந்தம் முடிந்த புல்லையெல்லாம் உழுதுவிட்டார்கள். நான் அந்த விவசாயிகளைக் குறை சொல்ல மாட்டேன், 8 டாலர் மக்காச்சோளத்துக்கு முன் எந்த அரசு வாடகையும் நிற்காது. ஆனால் பலகை இருக்கிறது, பறவை இல்லை என்று ஆன வயல்களில் நாள் முழுக்க நடந்திருக்கிறேன்.

இடையே ஒரு செய்தி. இவ்வளவு ஆர்ப்பாட்டமும் யாருக்காக? ஃபெசன்ட் இந்த மண்ணின் பறவையே இல்லை. ஷாங்காயில் அமெரிக்கத் துணைத்தூதராக (கன்சல் ஜெனரல்) இருந்த ஓவன் டென்னி 1880களின் தொடக்கத்தில் ஓரிகனுக்கு அனுப்பி வைத்த சீனப் பறவை. நம்மைப் போல வந்து குடியேறியதுதான்.

பொதுநிலம் இருந்தும் போக முடியாத இடங்கள் உண்டாமே?

உண்டு, மேற்கு மாநிலங்களில். சுற்றிலும் தனியார் நிலம், நடுவே அரசு நிலம், பாதை இல்லை. 13 மேற்கு மாநிலங்களில் இப்படி 95 லட்சம் ஏக்கர் கூட்டாட்சி நிலம் அடைபட்டுக் கிடப்பதாக 2018இல் ஒரு கணக்கு வந்தது. மான்டானாவில், அப்படிப்பட்ட நிலத்துக்கு வழி விடுபவருக்குப் பாதை ஒன்றுக்கு 750 டாலர், மொத்தம் 3,000 டாலர் வரை வரிச்சலுகை. சும்மா நடந்து போக ஒரு வரப்பு. அதற்கு அவ்வளவு மதிப்பு.

திட்டம் உண்மையில் பலன் தருகிறதா? குறைகள்?

பலன் தருகிறது. துப்பாக்கி, நாய், தனிக்குத்தகை என்று பணம் இறைக்க முடியாதவருக்கு இதுதான் வழி. டெக்சஸில் சுமார் 95 சதவீதம் தனியார் நிலம், அங்கே வேட்டை என்றாலே குத்தகைப் பேரம் என்று ஆகிவிட்டது. சமவெளி மாநிலங்கள் முழுதாக அப்படி ஆகாமல் தடுத்து நிறுத்துவது இந்தச் சின்ன வாடகைதான்.

குறைகளும் சொல்லத்தான் வேண்டும். நல்ல நிலமெல்லாம் தனிக்குத்தகைக்குப் போக, நடுத்தர நிலம்தான் திட்டத்துக்கு வருகிறது. பருவம் திறக்கும் சனிக்கிழமை ஒவ்வொரு பலகைக்கு முன்னும் நாலு வண்டி. டிசம்பருக்குள் புல் மிதிபட்டு, பிழைத்த சேவல்கள் பக்கத்து வேலிக்கு அப்பால் குடிபோய்விடும். (பெட்டையைச் சுடக் கூடாது. நெப்ராஸ்காவில் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று சேவல், கன்சாஸில் நான்கு.) இன்னொன்று, என் மனசில் உறுத்துவது. பக்கத்துக்காரருக்குப் பணம் வருவதைப் பார்த்துவிட்டு, இதுவரை சும்மா விட்டவரும் “எனக்கு என்ன தருவீர்கள்?” என்று கேட்கத் தொடங்குகிறார். கேட்பது தப்பில்லை. ஆனால் ஒருமுறை விலை வைத்த வாசலைத் திரும்பச் சும்மா திறப்பது கஷ்டம்.

நான் விசாவில் இருக்கிறேன். போகலாமா?

தூண்டிலுக்கு விசா ஒரு தடையே இல்லை. உரிமம் வாங்குங்கள், போங்கள். நெப்ராஸ்காவில் 16 வயதிலிருந்து கட்டாயம்.

துப்பாக்கி வேறு கதை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் அந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு. இதில் தப்பு நடந்தால் குடியேற்றமே ஆடிப்போகும். வாட்ஸ்அப் யோசனையை நம்பாமல் வழக்கறிஞரைக் கேளுங்கள். பாதுகாப்புப் பயிற்சியும் தேவைப்படும். கன்சாஸில் 1957 ஜூலை 1 அன்றும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு அது விதி.

நம்ம ஊரில் இப்படி வைத்தால் என்ன?

வேட்டைக்கு வாய்ப்பே இல்லை. 1972 வனவிலங்குச் சட்டமும் 1991 திருத்தமும் உரிமம் கொடுத்து வேட்டையாடும் வழியையே மூடிவிட்டன. அது அப்படியே இருக்கட்டும். அங்கே இருக்கும் கூட்டத்துக்கும் காட்டுக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது.

அந்தக் குளத்துக்காரரை நேரில் பார்த்திருக்கிறாயா?

ஒரே ஒருமுறை. சாயங்காலம் வண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டிருந்தேன். பழைய பிக்கப் வந்து பக்கத்தில் நின்றது. கண்ணாடியை இறக்கினார். உரிமத்தைக் கேட்பாரோ என்று நான் பையைத் துழாவ, அவர் பார்வை எனக்குப் பின்னால் வேலியோரம் இருந்தது. “தெற்குக் கோடியில் காதில் நீலச் சீட்டுப் போட்ட கன்று ஒன்றைப் பார்த்தீர்களா?” என்று கேட்டார். பார்க்கவில்லை என்றேன். இருவரும் சேர்ந்து ஓடைப்பக்கம் தேடினோம். இருட்டும் நேரத்தில் கிடைத்தது, முள்கம்பியில் ஒரு கால் மாட்டிக்கொண்டு. அவர் கம்பியை வெட்ட, நான் கைப்பேசி வெளிச்சம் பிடித்தேன். மீன் ஏதாவது கிடைத்ததா என்று கடைசியில் கேட்டார். இரண்டு சின்னக் கெளுத்தி என்றேன். சிரித்தார். மேற்கு மூலையில் விழுந்து கிடக்கும் மரத்தடியில் போடச் சொன்னார்.